எதை முதல் போடுறது, மாமா?

மருமகள் பென் டிரைவை ரீவியின் பின்பக்கத்தில் குத்திவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அக்காவின் மகள். உயர்தரப் பரீட்சையான ஏ.எல். எழுதி, றிசல்ட்டும் வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிற பிள்ளை. அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று எழுதினவர்களுக்குத் தெரியும். படிக்க ஒன்றுமில்லை, சும்மா இருக்கவும் மனம் விடாது. வெளியிலோ கச்சான் காற்று. தெருப் புழுதியையெல்லாம் அள்ளி வந்து எங்கள் விறாந்தையில் கொட்டிவிட்டுப் போகிறது. பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் கால் வைக்கேலாது. யன்னலை அடைத்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு படம் பார்க்க இதைவிட நல்ல காலம் திருகோணமலையில் கிடையாது.

பென் டிரைவுக்குள் எக்ஸ்-மென் படங்கள். மியூட்டன்டுகள் என்கிற, பிறவியிலேயே அபூர்வ சக்தி உள்ள மனிதரைப் பற்றிய ஹொலிவுட் படங்கள். 2000 தொடக்கம் 2020 வரை வந்த 13 படங்களும், அதற்குப் பிறகு 2024இல் வந்த ஒன்றும். கூட்டாளி ஒருத்தி போனில் ஒரு வரிசையும் அனுப்பியிருந்தாள். கதை நடக்கிற வருசப்படி அடுக்கினது. 1962 முதலில், 2029 கடைசியில்.

“முதல் நடந்ததை முதல் பார்க்கிறது. பிறகு நடந்ததைப் பிறகு. சரிதானே மாமா?”

“இல்லைப் பிள்ளை. 2000ஆம் ஆண்டுப் படத்தை முதல் போடு. வந்த வரிசைப்படி பார்.”

“ஏன்?”

“நான் அப்படித்தான் பார்த்தனான்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. ஆனால் நியாயமான பார்வை. நான் சொன்னது காரணமே இல்லை. பெரியாட்கள் ‘எங்கட காலத்தில’ என்று தொடங்குவார்களே, அந்தச் சாமான். அவள் தன் வரிசைப்படியே தொடங்கினாள். நான் சாய்மனைக் கதிரையில் கிடந்து, எனக்கு ஏன் அந்த வரிசை சரியென்று படுகிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

உண்மையைச் சொன்னால், நான் வந்த வரிசைப்படிகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

2003இல் எனக்குப் பதினேழு வயது. சமாதான காலம். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு சீடிக் கடையில் பின்னேரங்களில் நிற்பேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, படம் ஓசி. கடை வாசலில் மான்கள் வந்து நிற்கும். இந்த ஊருக்கு வெளியே இதைச் சொன்னால் புளுகு என்பார்கள். புள்ளிமான்தான், கொம்போடு, பஸ் ஹோர்னுக்கும் அசையாமல் நின்று, நாங்கள் எறிகிற மட்டைப்பெட்டியைச் சப்பும். ஒருநாள் ஒரு மான் கஜினி முகமதுவைப்போல விடாமல் வந்து படப் போஸ்டரின் அரைவாசியைத் தின்றது. எங்களுக்கு வாடிக்கையாளர்களைவிட அவைதான் கூட.

அப்போது வீசிடி. ஒரு வட்டில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில்தான் பிடிக்கும். ஆகவே எந்தப் படமும் இரண்டு வட்டு. கொப்பி அடித்த வட்டுகளின் மேல்பக்கத்தில் படமும் இருக்காது எழுத்தும் இருக்காது. மார்க்கர் பேனையால் படத்தின் பெயரையும் 1, 2 என்றும் நாங்கள்தான் எழுதவேண்டும். எக்ஸ்-மென் இரண்டாம் படம் வந்த கிழமை, முதலாவது வட்டில் 2 என்றும் இரண்டாவது வட்டில் 1 என்றும் எழுதியது வேறு யாருமில்லை, நான்தான். அதை அன்றிரவு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டதும் நானேதான்.

படம் நடுவில் தொடங்கியது. ஒருவரையும் அறிமுகப்படுத்தவில்லை, எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள். ஹொலிவுட்டில் இப்படியும் எடுப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அணைக்கட்டுக்குள் சண்டை, அணை உடைகிறது, மற்றவர்களைக் காப்பாற்ற விமானத்தை விட்டு இறங்கி நின்று, மியூட்டன்டுகளில் ஒருத்தியான ஜீன் கிறே தண்ணீரில் மூழ்கிப்போகிறாள். அதற்கு மேல் பெயர்கள் ஓடின. மற்ற வட்டைப் போட்டேன். ஜீன் உயிரோடு நிற்கிறாள், ஒரு மியூசியத்தில், தலையிடிக்குது என்கிறாள்.

எனக்கு விளங்கிவிட்டது, வட்டு மாறிவிட்டது. நிறுத்தவில்லை. சாகப்போகிறவள் என்று தெரிந்துகொண்டு ஒருத்தியை ஒரு மணித்தியாலம் பார்ப்பது எப்படியென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அவள் சும்மா திரும்பிப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. அடுத்தநாள் வட்டின் இலக்கத்தைத் திருத்தாமலே இரண்டு பேருக்கு வாடகைக்கும் கொடுத்தேன் என்பதை இத்தனை வருசத்துக்குப் பிறகு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, மருமகளின் வரிசைக்கு வருவோம்.

அவள் முதலில் போட்டது 2011இல் வந்த ஃபர்ஸ்ட் கிளாஸ். 1944இல் போலந்தில் நாசிகளின் முகாமில் தொடங்கி, 1962 கியூபா ஏவுகணை நெருக்கடிக்குள் கதையைக் கொண்டுபோய்ச் செருகிய படம். மியூட்டன்ட் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற சார்ள்ஸ் சேவியராக ஜேம்ஸ் மக்கவோய், இரும்பை ஆட்டிவைக்கிற மக்னீட்டோவாக மைக்கல் ஃபாஸ்பெண்டர். நல்ல படம். தொடக்கமாகவும் நல்லாகவே வேலை செய்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “பார்த்தீங்களா, ஒரு குழப்பமும் இல்லை,” என்றாள்.

அடுத்தது அவளின் வரிசைப்படி டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட், 2014. கதையின் பெரும்பகுதி 1973இல் நடப்பதால் பட்டியல் போடுகிறவர்கள் அதைக் கொண்டுவந்து இரண்டாவதாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் படம் தொடங்குவது 2023இல். உலகம் இருண்டு கிடக்கிறது. மியூட்டன்டுகளை வேட்டையாடுகிற இயந்திரங்கள் வந்து இறங்குகின்றன. பனிக்கட்டியாக மாறுகிற ஒருவனின் தலை சிதறுகிறது. இரும்பு உடம்புக்காரனைப் பிய்த்துப் போடுகின்றன. முதல் மூன்று படங்களையும் பார்த்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம் வயிற்றைப் பிசையும்.

மருமகள் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இவை ஆர் மாமா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில், கையிலிருந்து இரும்பு நகம் நீளுகிற வுல்வரின் வந்தான். லோகன் என்பதும் அவன்தான். “இவர் அந்த பார்ல இருந்து ஏசினவர்தானே?” என்றாள். ஃபர்ஸ்ட் கிளாஸில் ஹியூ ஜக்மன் ஒரேயொரு நிமிடம் வந்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவளுக்கு அவனைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தை நம்பி அவன் பின்னால் ஐம்பது வருசம் பயணம் போகவேண்டும் என்று படம் கேட்கிறது. அரை மணித்தியாலத்தில் அவளே நிறுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவுசெய்து வைக்கிறேன்.

நடந்த வரிசையும் சொன்ன வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அனுராதபுரம் ரோட்டால் வருகிற கோயில் பஸ்கள் ஊருக்குள் நுழைய முதலே கன்னியாவுக்குத் திருப்பும். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வார்கள். இராவணன் தாய்க்கு அந்தியேட்டி செய்த இடம் என்று கூட்டி வந்தவர் சொல்லுவார். அதற்குப் பிறகுதான் கோட்டைக்குள்ளால் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போவார்கள். அங்கே மலையில் பிளவு, இராவணன் வெட்டு. நோயாளியான தாய் கும்பிடுவதற்காக மலையோடு கோயிலைப் பெயர்க்க வாளால் வெட்டினான் என்பது கதை. ஆக, தாயின் காரியத்தில் குளித்துவிட்டு, அதன் பிறகு மேலேறி, தாய் உயிரோடு இருந்தபோது மகன் செய்ததைப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழ். ஒருவரும் பஸ்ஸைத் திருப்பச் சொன்னதில்லை. எனக்கென்றால் அந்த வரிசைதான் பிடிக்கும். கிணற்றுத் தண்ணீரின் சூடு உடம்பில் இருக்கும்போதே அந்த வெட்டைப் பார்க்கவேண்டும்.

ஆனால் அதற்கும் எக்ஸ்-மென்னுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கன்னியாவும் கோணேசர் மலையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எக்ஸ்-மென் படங்களை எடுத்தவர்கள் போகப் போக மலையையே நகர்த்திக்கொண்டு போனார்கள். 2006இல் வந்த தி லாஸ்ட் ஸ்டாண்ட், இருபது வருசத்துக்கு முந்திய ஒரு காட்சியோடு தொடங்கும். சேவியர் தன் காலால் நடந்து வருகிறார். பக்கத்தில் மக்னீட்டோ, நெருங்கிய நண்பனாக. 2011 படமோ இரண்டு பேரும் 1962இலேயே பிரிந்துவிட்டார்கள், சேவியருக்கு அன்றே முதுகில் குண்டு பாய்ந்து கால் போய்விட்டது என்கிறது. 2019இல் வந்த டார்க் ஃபீனிக்ஸில், உருவம் மாறுகிற நீலப்பெண் மிஸ்டீக் 1992இல் செத்துப்போகிறாள். வருசப்படி அடுத்துவரும் 2000ஆம் ஆண்டுப் படத்தில் அவள் நீல உடம்போடு குதித்துக்கொண்டு நிற்பாள். 1944இல் முகாமில் நின்ற சிறுவன் மக்னீட்டோ 1992இல் அறுபதை எட்டியிருக்கவேண்டும். ஃபாஸ்பெண்டருக்கு ஒரு நரைமயிர் கிடையாது. எங்கள் சினிமாவில் நாற்பத்தைந்து வயதில் கொலிஜ் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இது பெரிய அதிர்ச்சியாக இல்லை.

அவர்களுக்கே இது தெரியும். 2016இல் வந்த டெட்பூலில், உன்னைப் பேராசிரியரிடம் கொண்டுபோகிறேன் என்று சொன்னதும் டெட்பூல் கேட்பான், எந்தப் பேராசிரியர், மக்கவோயா ஸ்டூவர்ட்டா, இந்தக் காலக்கணக்கு ஒன்றும் விளங்குதில்லை என்று. ஸ்டூவர்ட் என்பது முதல் படங்களில் சேவியராக வந்தவர். வருசப்படி அடுக்குகிறவர்கள் இந்தப் படங்களுக்குள் இல்லாத ஒரு ஒழுங்கை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள்.

சரி, வந்த வரிசையில் மட்டும் என்ன இருக்கிறது? சாய்மனைக் கதிரையில் கிடந்து நான் கண்டுபிடித்தது இதுதான்.

2000ஆம் ஆண்டுப் படத்தில் வுல்வரினுக்குத் தன் பழங்கதை ஒன்றும் தெரியாது. கழுத்தில் ஒரு தகடு, கைக்குள் இரும்பு, இரவில் கெட்ட கனவு. ஆர் இதைச் செய்தது என்று தேடுகிறவன். பார்க்கிற எங்களுக்கும் தெரியாது. அவனும் நாங்களும் ஒரே இருட்டில் நிற்கிறோம். மூன்று படம் அவனோடு அலைகிறோம். பிறகு 2014 படத்தில் அவனை 1973க்கு அனுப்புகிறார்கள். அவன் போய் நடந்ததை மாற்றிவிடுகிறான். மாற்றிவிட்டுப் புது 2023இல் விழித்துப் பார்த்தால், செத்துப்போன ஜீன் வாசலில் நிற்கிறாள். அவளின் காதலன் ஸ்கொட் நிற்கிறான். பள்ளிக்கூடம் பிள்ளைகளால் நிறைந்திருக்கிறது. அந்த முதல் மூன்று படத்தில் நடந்தவை அங்கே ஒருவருக்கும் நடக்கவே இல்லை. அவனுக்கு மட்டும் ஞாபகம்.

ஒன்றுமே ஞாபகமில்லாமல் உள்ளே வந்தவன், கடைசியில் எல்லாம் ஞாபகமிருக்கிற ஒரே ஆளாக நிற்கிறான். அவனுக்குத் துணையாக அந்தப் பழங்கதை தெரிந்தவர்கள் நாங்கள்தான், கதிரையில் இருந்து பார்த்தவர்கள். வந்த வரிசையில் பார்த்தால்தான் இது கிடைக்கும்.

ஹியூ ஜக்மனின் முகமும் அதற்குள் இருக்கிறது. அந்த வேடத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவர் டக்ரே ஸ்கொட். அவர் மிஷன்: இம்பொசிபிள் இரண்டாம் படத்தில் மாட்டிக்கொண்டதால் ஜக்மன் கடைசி நேரத்தில் வந்தார். அப்போது வயது முப்பதை ஒட்டி. 2017இல் லோகன் வரும்போது ஐம்பதைத் தொடப்போகிறார். முதுமையே எட்டாத ஒரு பாத்திரத்தின் முகத்தில் பதினேழு வருசம் உண்மையாகவே ஏறியிருக்கிறது. வருசப்படி பார்த்தால் அந்த ஆள் கிழடாகி, திடீரென்று இளந்தாரியாகி, திரும்பக் கிழடாகிறார்.

நான் மருமகளுக்குக் கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது வாகனமும் ஏற்றுகிற மிதவையில், போன கதையைச் சொன்னேன். 2009இல் பாலம் திறக்க முன்னர் ஆட்களும் சைக்கிளும் ஆடும் மாடும் லொறியும் ஒன்றாக மிதந்து போவோம். அவள் பாலத்தில் ஏறிப் போய்வந்த பிள்ளை. தண்ணீருக்கு மேலே ‘பாதை’ என்றால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அந்த 2023இல் விழித்த மனிதனைப்போல நானும் இந்த வீட்டில் சில வேளைகளில் முழித்துக்கொண்டு நிற்பதுண்டு.

இப்படியெல்லாம் யோசித்து முடித்து, வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு மூன்றாம் நாள் 2000ஆம் ஆண்டுப் படத்தை நானே போட்டேன்.

போலந்து, 1944, மழை. சனத்தை வரிசையாக நடத்திக்கொண்டு போகிறார்கள். ஒரு சிறுவனைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து இழுக்கிறார்கள். அவன் கையை நீட்ட, இரும்புக் கதவு தானாக வளைகிறது.

“ஐயோ, இது பார்த்ததுதானே!”

பார்த்ததுதான். ஃபர்ஸ்ட் கிளாஸ் தொடங்குவதும் இதே காட்சியில்தான். பதினொரு வருசம் கழித்து, வேறொரு சிறுவனை வைத்து, அதே மழை, அதே கதவு.

பிறகு செனட்டர் கெலி வந்து, மியூட்டன்டுகள் எல்லாரும் தங்களைப் பதியவேண்டும், ஆர் எங்கே இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியவேண்டும் என்று கையில் பட்டியலோடு பேசுகிற காட்சி. முதல் முறை நான் இதைப் பார்த்த காலத்தில், கொழும்புக்குப் போய் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் இரவு நித்திரை வராது. வீட்டில் எத்தனை பேர், பெயர், வயது என்று குடும்ப விபரம் எழுதிக் கொடுத்த காகிதத்தின் கொப்பியை அம்மா சாமியறையில் வைத்திருந்தா. கடையில் அந்தக் காட்சி ஓடும்போது நாலு பேர் நின்றால் நாலு பேரும் பேசாமல் நிற்போம். ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. மருமகளுக்கு அது ஒரு வில்லன் பேசுகிற சாதாரண காட்சி. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வெற்றி கவிழ்ந்தது அதற்குப் பிறகு.

படத்தின் நடுவில் மிஸ்டீக் சேவியரின் மாளிகைக்குள் புகுவாள். சேவியரின் உருவத்தையே எடுத்துக்கொண்டு, கண்ணைக் காட்டிக் கதவைத் திறந்து, செரிப்ரோ என்கிற அந்த இயந்திரத்துக்குள் ஏதோ திரவத்தை ஊற்றிவிட்டுப் போவாள். பிறகு சேவியர் அதைத் தலையில் மாட்ட, நினைவிழந்து விழுவார். நான் இந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வில்லனின் கையாள் செய்கிற வேலை. அதில் எனக்கு ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை.

மருமகள் எழும்பி இருந்தாள்.

“மாமா, இது ரேவன்தானே? அந்தத் தங்கச்சி?”

ஃபர்ஸ்ட் கிளாஸில் அப்படித்தான். சின்ன வயதில் பசியோடு களவெடுக்க அந்த மாளிகையின் குசினிக்குள் வந்தவள் ரேவன். சார்ள்ஸ் வந்து பார்க்கும்போது அவனுடைய தாயின் உருவத்தில் நிற்பாள். என் அம்மா ஒருநாளும் குசினிக்குள் வந்ததில்லையே என்று அவன் கண்டுபிடித்துவிடுவான். பயப்படாதே, இனி நீ களவெடுக்கவே தேவையில்லை, இங்கேயே இரு என்பான். சகோதரி மாதிரி வளர்ந்தவள்.

“அதே வீடு மாமா. அம்மான்ட முகத்தோட சாப்பாடு எடுக்க வந்தவ, இப்ப அண்ணன்ட முகத்தைப் போட்டுக்கொண்டு வந்து அண்ணனுக்கே நஞ்சு வைக்கிறா.”

எனக்குப் பதில் வரவில்லை. 2000இல் அந்தக் காட்சியை எழுதினவர்களுக்கு மிஸ்டீக் சேவியரின் தங்கச்சி என்று தெரியாது. அந்த உறவு 2011இல் உண்டாக்கப்பட்டது. அவர்கள் வைக்காத ஒன்றை, வரிசையைப் பிழையாகப் பிடித்த ஒரு பிள்ளை அங்கே கண்டெடுத்துவிட்டாள். எனக்கு அது இருபத்தைந்து வருசமாகத் தெரியவில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸை நானும் பார்த்தவன்தான். ஆனால் எனக்கு அந்த நீலப்பெண் முதல் படத்திலேயே பதிந்துபோன கையாள். பிறகு தங்கச்சி என்றபோது அது ஒரு தகவலாகத்தான் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு படம் பார்த்தாள், நான் வேறு படம் பார்த்தேன். ஒரே ரீவியில்தான். இரண்டாம் படத்தில், அவளைப்போலவே நீல உடம்புக்காரனான நைட்குரோலர் மிஸ்டீக்கிடம் கேட்பான், நீ நினைத்தால் எல்லாரையும்போல உருவத்தோடு இருக்கலாமே, ஏன் இருப்பதில்லை என்று. அப்படி இருக்க வேண்டிய தேவை எங்களுக்கு வரக்கூடாது என்பது அவளின் பதில். நான் ஜீனுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மருமகள் அந்த இடத்தை மூன்று தரம் பின்னுக்கு எடுத்துப் போட்டாள். மூன்றாம் படத்தில் மக்னீட்டோவுக்கு வந்த ஊசியை மிஸ்டீக் தன் உடம்பில் வாங்கி, சக்தியெல்லாம் போய் வெறும் மனுசியாக நிலத்தில் கிடக்க, நீ இனி எங்கள் ஆள் இல்லை என்று அவன் விட்டுவிட்டுப் போவான். மருமகள் ரிமோட்டைக் கட்டிலில் எறிந்தாள். என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் உருப்படியாக ஒன்றுமில்லை என்றே இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வந்த வரிசையில் பார்த்தால் இது வுல்வரினின் கதை. 1962இலிருந்து பிடித்தால் ரேவனின் கதை. நான் ஆம்பிளைப் பெடியனாகச் சீடிக் கடையில் நின்று பார்த்தது எது, அவள் பார்த்தது எது என்பதை இதற்கு மேல் நீட்டி முழக்க விருப்பமில்லை.

2009இல் வந்த ஒரிஜின்ஸ்: வுல்வரின் பற்றிக் கேட்பீர்கள். பார்க்காமல் விட்டால் ஒரு நட்டமும் இல்லை. முதல் மூன்று படமும் கட்டிக்காத்த இருட்டை லைட் போட்டுக் கெடுத்த படம் அது. அது தியேட்டருக்கு வர ஒரு மாதம் முன்னமே, வேலை முடியாத பிரதி ஒன்று இணையத்தில் கசிந்தது. அந்தப் பிரதி எங்கள் கைக்கும் வந்தது. சில இடங்களில் நகத்துக்குப் பதிலாகக் கணினியில் வரைந்த சாம்பல் நிற உருவம், ஆட்களைத் தூக்கும் கம்பி அப்படியே தெரியும். அது 2009 ஏப்ரல். வெளியில் சனம் வேறு செய்திக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த மாதம். நாங்கள் இரண்டு மூன்று பேர் சத்தத்தைக் குறைத்துவிட்டு அரைகுறைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் என்ன கதை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கம்பி மட்டும் ஞாபகம். அந்தப் படத்தில் டெட்பூலின் வாயைத் தைத்துவைத்து ஒரு அநியாயம் செய்திருப்பார்கள். டெட்பூல் இரண்டாம் படத்தின் கடைசியில் அவனே காலம் தாண்டிப் போய் அந்த உருவத்தைச் சுட்டுத் தள்ளுவான். அந்தச் சிரிப்புக்காக வேண்டுமென்றால் ஒருதரம் பார்க்கலாம்.

என்னிடம் வரிசை கேட்டால், இப்போது இப்படிச் சொல்லுவேன். 2000, 2003, 2006 மூன்றையும் ஒரே மூச்சில். பிறகு ஃபர்ஸ்ட் கிளாஸ். அதற்குப் பிறகு 2013இல் ஜப்பானில் நடக்கிற தி வுல்வரின், அதன் கடைசியில் பெயர் ஓடும்போது வருகிற விமான நிலையக் காட்சியைத் தவறவிடாமல். அது நேரே டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்டுக்குக் கொண்டுபோய் விடும். அபோகலிப்ஸும் டார்க் ஃபீனிக்ஸும் நேரம் போகாத ஆட்களுக்கு. 2017இலேயே எடுத்து, தள்ளித் தள்ளி 2020இல் விட்ட தி நியூ மியூட்டன்ட்ஸ் எதோடும் ஒட்டாது. லோகன் கடைசி. டெட்பூல் படங்கள் தனிவரிசை, ஆனால் இரண்டாவதற்கு முன் லோகன் பார்த்திருக்கவேண்டும், ஏனென்றால் அது லோகனின் சாவைப் பகிடி பண்ணிக்கொண்டுதான் தொடங்கும். 2024 படம் இன்னும் மோசம், புதைகுழியையே தோண்டிக்கொண்டு வரும். லோகனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கிழமையாவது விடுங்கள். செத்தவீட்டில் எட்டுச் செலவு முடிய முதல் பாட்டுக்கச்சேரி வைப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு மருமகள் இருந்து, ஃபர்ஸ்ட் கிளாஸைத்தான் முதல் போடுவேன் என்று நின்றால், விடுங்கள். டேஸ் ஒஃப் ஃபியூச்சர் பாஸ்ட்டை மட்டும் ஒளித்துவையுங்கள்.

லோகனை வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டோம். அம்மா கோயிலால் வந்து, சுளகில் முருங்கையிலையைக் கொட்டி உருவிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இருந்தா. அம்மா ஒரு எக்ஸ்-மென் படமும் பார்த்ததில்லை. படம் அப்போது பாதி தாண்டியிருந்தது. ஒரு தோட்டத்து வீட்டில் சேவியரையும் லோகனையும் லோகனின் மரபணுவிலிருந்து உண்டாக்கின சின்னப் பெட்டை லோறாவையும் மேசையில் இருத்திச் சாப்பாடு கொடுக்கிறார்கள்.

“இந்தக் கிழவன் ஆர்?”

“பொறுங்கோ அம்மா.”

இரவு சேவியர் கட்டிலில் கிடந்து பேசுகிறார். எனக்கு இப்படியொரு நல்ல இரவு கிடைத்துக் கனகாலம் என்கிறார். வாசலில் நிற்பது லோகன் என்று நினைத்துப் பேசுகிறார். நின்றது லோகன் இல்லை, அவனைப்போலவே செய்த ஒரு பொருள். அது கிட்ட வந்து குத்துகிறது.

“ஐயோ, பெத்த பிள்ளையே குத்துறானே!” அம்மாவின் கையில் முருங்கை நெட்டு அப்படியே நின்றது.

“அது அவரில்லை அம்மம்மா. அவர் மாதிரி ஒராள்.”

“அப்ப கிழவனுக்குத் தெரியாதோ அது தன்ர மகனில்லை எண்டு?”

சேவியர் லோகனின் தகப்பன் இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. படம் முடியும்வரை அம்மா முருங்கையிலையைத் தொடவுமில்லை. காட்டுக்குள் லோகன் சாகும்போது அந்தப் பெட்டை அவன் கையைப் பிடித்து ஒரேயொரு தரம் அப்பா என்று கூப்பிடுகிறாள். குழியில் நட்ட சிலுவையைப் பிடுங்கி, சரித்து, எக்ஸ் எழுத்துப்போல வைத்துவிட்டுப் போகிறாள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா. எனக்குச் சரியாகப் பத்துப் படம், மருமகளுக்கு ஆறேழு படம் தேவைப்பட்டது அந்த இடத்துக்கு வர. அம்மாவுக்கு ஒரு மணித்தியாலம்.

லைட்டைப் போட்டேன். அம்மா சுளகை மடிக்கு இழுத்தா.

“சரி, இப்ப சொல்லுங்கோ. இதுக்கு முன்னால என்ன நடந்தது? முதலில இருந்து.”

நான் 2000ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்கினேன். அதே நேரம் மருமகளும் 1962 படத்திலிருந்து தொடங்கினாள்.

“போலந்தில மழை பெய்யுது. ஒரு சின்னப் பெடியன்—”

இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லி, ஒன்றாக நிறுத்தினோம்.

“ஆரெண்டாலும் ஒராள் சொல்லுங்கோ,” என்றா அம்மா, அடுத்த நெட்டை எடுத்துக்கொண்டு.